பழைய செட்டிக்குப் புதுச் சட்டை



தீபாவளி நெருங்கினால் நம் தோட்டத்து வீடுகளில் முதலில் எழும் பேச்சு பலகாரமல்ல, செட்டிதான். "வருகிறவர்கள் உட்கார நல்ல செட்டி இல்லையே" என்ற கவலையில் தவணைக் கடைக்கு நடக்கிறோம். 2,000 வெள்ளி செட்டிக்கு மாதம் 110 வெள்ளி வீதம் 24 மாதம் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2,640 வெள்ளி ஆகிறது. கூடுதலாகப் போகும் அந்த 640 வெள்ளி, பிள்ளையின் புத்தகப் பைக்கும் பஸ் காசுக்கும் ஆக வேண்டிய பணமல்லவா?

சிங்கர் நிறுவனம் 1850களிலேயே தையல் இயந்திரங்களைத் தவணைக்கு விற்கத் தொடங்கியது. தையல் இயந்திரத்துக்குத் தவணை கட்டினாலும் அது உழைத்துத் திருப்பித் தரும். செட்டி அப்படித் தராது.

புக்கிட் பெலண்டோக், லுக்குட் பக்கம் தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் பழைய செட்டியை மலிவாகத் தள்ளிவிடுவதுண்டு. அதை வாங்கி உறை தைத்துப் போடலாம்.

வாங்குமுன் மெத்தையைத் தூக்கித் தையல் ஓரங்களைப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. இரத்தம் குடிக்காமலே அது பல மாதம் உயிரோடிருக்கும். லயத்தில் ஒரு வீட்டுக்கு வந்தால் அடுத்த வீட்டுக்கும் போகும். இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். கட்டையிலிருந்து மரத்தூள் கொட்டினாலும், கை பிடித்து ஆட்டும்போது சட்டம் ஆடினாலும் விட்டுவிடுங்கள். துணி கிழிந்திருப்பது மட்டும் ஒரு குறையல்ல.

இனி அளவு. கைப்பிடிகளோடு சேர்த்து 72 அங்குல நீளமுள்ள செட்டி என்று கொள்வோம். பின்புறத் தரையிலிருந்து மேலேறி, சாய்மானத்தில் இறங்கி, இருக்கையைக் கடந்து முன்புறத் தரை வரை நாடா பிடியுங்கள். செருகுவதற்கும் மடிப்பதற்கும் சேர்த்து ஏறக்குறைய 110 அங்குலம் வரும். 45 அங்குல அகலத் துணியில் இப்படி இரண்டு நீளம் தேவை. ஒன்றை முழுசாக நடுவில் போடுங்கள். மற்றதை நீளவாக்கில் பாதியாக வெட்டி இருபக்கமும் இணையுங்கள். நடு முதுகில் தையல் கோடு தெரியாது. கைப்பிடிகளுக்கும் அவற்றின் முகப்புகளுக்கும் இன்னும் 96 அங்குலம். ஆக 8 மீட்டர். பருத்தித் துணி சுருங்குமாதலால் 9 மீட்டர் வாங்குங்கள். வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவைத்துத் தேய்த்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால், முதல் சலவைக்குப் பிறகு உறை செட்டியில் ஏறாது.

துணியின் உள்பக்கம் வெளியே தெரியும்படி செட்டியின்மேல் விரித்து, ஓரங்களைக் குண்டூசியால் பிடித்து, சாக்கட்டியால் கோடு போடுங்கள். அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். புதிதாகத் தைப்பவர்கள் முதலில் பழைய படுக்கை விரிப்பில் வெட்டிப் பார்ப்பது நல்லது. கனத்த துணிக்கு 16ஆம் நம்பர் ஊசி போடுங்கள். கைப்பிடி வளைவில் தைத்தபின் தையலைத் தொடாமல் சின்னச் சின்ன வெட்டு கொடுத்தால் சுருக்கம் விழாது. கீழ் ஓரத்தில் நான்கு மூலையிலும் நாடா தைத்துக் கால்களில் கட்டிவிடுங்கள்.

பிள்ளைகள் ஏறிக் குதித்தால் உறை நழுவும். இருக்கையும் சாய்மானமும் சேரும் இடுக்கில் நான்கு அங்குலத் துணியைச் செருகி, பழைய செய்தித்தாளை இறுக உருட்டி அதற்குள் அழுத்துங்கள். உறை அசையாது. மெத்தை உறைக்கு ஒரு பக்கம் பட்டன் வையுங்கள், கழற்றித் துவைக்கலாம். மிச்சத் துணியோடு பழைய பாத்தேக் சாரோங்கைச் சேர்த்தால் தலையணை உறைகளும் ஆகிவிடும்.

தையல் தெரிந்த பெண் லயத்தில் ஒருத்தி இருந்தாலும் போதும். அவளிடம் மற்றவர்கள் கற்றுக்கொள்ளுங்கள், கூலியையும் மறக்காமல் கொடுங்கள். வருகிற விருந்தாளி உங்கள் செட்டியின் வயதைக் கேட்கப் போவதில்லை. சுத்தமாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். கடனில்லாத வீட்டில் உட்கார்ந்து உண்ணும் முறுக்குக்கு ருசி அதிகம், சகோதரிகளே!