தாழியும் நிறுவற்கலையும்

ஒரு பொருள் தான் வைக்கப்பெற்ற இடத்தில் இருக்கும்வரை அது வரலாறு. பெயர்த்தெடுத்து வேறிடம் கொண்டுபோய்விட்டால் அது வெறுஞ் சரக்கு. இவ்வுண்மைக்குப் பொருநைக் கரையினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

திருவைகுண்டத்திற்கு அணித்தாய்ப் பொருநையின் தென்கரையில் 114 ஏக்கர் பரப்பிற் கிடக்கிறது ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. 1876-ஆம் ஆண்டில் செருமானியர் சாகோர் அங்குத் தோண்டி எடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் இரீ அகழ்ந்தெடுத்த பொற்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் இரும்புக் கருவிகளும் சென்னை எழும்பூருக்குப் போயின. 2004-இல் தொடங்கிய அகழ்வில் 160-க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அவ்வகழ்வின் அறிக்கையோ பத்தாண்டுக்கு மேலாகியும் வெளிவரவில்லை. பொருள் ஓரிடம், செய்தி ஓரிடம், உரியவன் வேறோரிடம் என்று பிரிந்து கிடந்த நிலை அது.

2023 ஆகத்து 5-ஆம் நாள் அப்பரம்பிலேயே ஒரு தள அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. குழிகளைத் தூர்க்காமல், தாழிகளை எடுக்காமல், மேலே கண்ணாடித் தளம் பாவியிருக்கின்றனர். காண வருவோர் அக்கண்ணாடியின்மேல் நின்று, தம் காலடியில் மூதாதையரின் தாழியைக் குனிந்து காண்கின்றனர். மண்ணை விட்டுப் பெயர்க்காமல் காட்டியது பாராட்டத்தக்கதே. ஆயினும் வியப்போடு பார்த்துவிட்டு வெளியேறுவார்க்கு அத்தாழி என்ன உணர்த்தியது என்பதே வினா.

இவ்விடத்தில்தான் இற்றை ஓவியரும் சிற்பியரும் கையாளும் ஒரு கலைவகையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு கூடத்தில் பல பொருள்களை ஒரு கருத்தோடு அமைத்து, காண்பானை அதனுள்ளே நடக்கவைத்து, அவ்விடம் முழுவதையுமே படைப்பாக்குவது அது. இதனை ‘இன்சுடலேசன்’ என்று ஆங்கிலத்தை அப்படியே எழுதுவாரும், ‘தாபனக்கலை’ என்று வடசொல்லால் வழங்குவாரும் உளர். நில் என்னும் வேரினின்று நிறுவு என்னும் வினை தமிழில் இருக்க, நிறுவற்கலை என்று சொல்ல நாவுக்கு என்ன தடை?

பெயர் மட்டுமன்று, பொருளும் தமிழர்க்குப் புதிதன்று. கல்லைக் கண்டு தேர்வது முதல் நட்டு வாழ்த்துவது வரை நடுகல்லுக்கு ஆறு படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. கல் மட்டும் நடுகல் ஆகாது. இடமும் செயலும் கூடியிருந்த மக்களும் சேர்ந்தே அது நடுகல்லாயிற்று. தாழியும் அத்தகையதே. சிவகளைத் தாழியொன்றில் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என ஆய்வில் தெரிந்ததாகத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. செத்தாரோடு நெல்லை வைத்த அந்தக் கை, சிதறிக் கிடந்த பொருள்களுக்கு ஓர் ஒழுங்கும் கருத்தும் தந்த கை.

‘இஃது ஐரோப்பியன் கழித்த எச்சில், தமிழனுக்கு எதற்கு?’ என்பாரும் உளர். அவர் சினத்தில் முற்றும் பொய்யில்லை. 1917-இல் மார்சல் துசாம் என்பார் கடையில் வாங்கிய சிறுநீர்க் கலத்தை நியூயார்க்குக் கண்காட்சிக்கு அனுப்பியபின், எதை எங்கு வைப்பினும் கலை என்னும் மயக்கம் பரவியது மெய். விளக்கக் குறிப்பெல்லாம் ஆங்கிலத்தில், காண வருவோரெல்லாம் செல்வர் என்று நகரக் கூடங்கள் இயங்குவதும் மெய். ஆனால் உமியைக் கண்டு நெல்லை எறிவது உழவன் வழக்கமன்று.

நெல் எது என்பதை ஈழம் காட்டியது. 1981-இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் புதுக்கப்பெற்றபின், 2004-இல் அங்கே ஒரு கலைக் கண்காட்சி நடந்தது. அதன் பெயர் ‘அகம் புறம்’. அதில் தா. சனாதனன் முதலானோர், போரைக் கண்ட இல்லங்களிலிருந்து மக்கள் கொடுத்த பொருள்களைக் கொண்டே ஒரு நிறுவற்படைப்பை அமைத்தனர். எரிந்த நூல்களை மீட்க முடியாது. ஆனால் மக்கள் நெஞ்சில் எரியாதிருந்ததை அந்நூலகத்திலேயே அடுக்கிக் காட்ட முடிந்தது. அதே படைப்பை வேறொரு நகரத்து வெள்ளைச் சுவர்க்கூடத்தில் வைத்திருந்தால் அவ்வாற்றல் பாதியும் வாய்த்திராது. அவரே பின்னர் 2016-இல் கொச்சிக் கலைவிழாவில், நூலக அட்டைப் பெட்டியையே வடிவாகக் கொண்டு ஈழத்தார் கதைகளை அடுக்கி வைத்தார். பெயர்ந்த மக்களின் நினைவுக்கு அப்பெட்டியே இடமாயிற்று.

திருநெல்வேலியில் 2025 திசம்பரில் பொருநை அருங்காட்சியகம் திறக்கப்பெற்றுள்ளது. ஆதிச்சநல்லூரும் சிவகளையும் கொற்கையும் அங்கே பேசுகின்றன. அங்கு ஒரு கூடத்தை வாழும் கலைஞர்க்கு ஒதுக்குதல் வேண்டும். காருகுறிச்சிக் குயவரின் சக்கரமும் பத்தமடைக் கோரையும், இவ்வாற்றங்கரை இளைஞரின் கருத்தும் கூடி அதில் ஒரு படைப்பு எழட்டும். குறிப்பு முதற்கண் தமிழில் இருக்கட்டும். அதுவும் பள்ளி மாணவன் படித்துப் பொருள் கொள்ளும் தமிழில் இருக்கட்டும். பெர்லினுக்குப் போன தாழி எங்கே என்று கேட்கும் ஒரு வெற்றிடத்தையும் அக்கூடத்தில் விட்டுவைக்கட்டும். அவ்வெற்றிடம் நூறு உரைகளினும் உரக்கப் பேசும்.

பழையதைக் கண்ணாடிக்குக் கீழே காப்பது ஒரு கடமை. கண்ணாடிக்கு மேலே நிற்பவன் தன்னை அத்தாழியின் வழித்தோன்றல் என உணரச்செய்வது அதனினும் பெரிய கடமை. முன்னையதை அரசு செய்யும். பின்னையதைத் தமிழ்க் கலைஞனே செய்தல் வேண்டும். அவன் கைக்கு இடம் கேட்டுப் பெறுவது தமிழ்ப் பற்றாளர் வேலை.