சும்மா இருக்கிற கம்ப்யூட்டர் ஏன் மின்சாரம் தின்கிறது? சுங்கை சோ வீடு முதல் எல்மினா தரவு மையம் வரை

இந்த வரியை நீங்கள் படிக்கும் நேரத்தில் உங்கள் கைப்பேசியின் சிப் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கிறது. பக்கம் திறந்தாயிற்று, எழுத்துகள் திரைக்கு வந்தாயிற்று. நீங்கள் விரலால் அடுத்துத் தள்ளும் வரை அதற்குப் பெரிய வேலை இல்லை. அந்தச் சில நொடி இடைவெளியிலும் அது தூங்கித் தூங்கி எழுவதால்தான் பேட்டரி சாயங்காலம் வரை தாங்குகிறது.

சரி, மேசையில் ராத்திரி முழுக்க ‘ஆன்’ ஆகியே கிடக்கும் கேமிங் பிசி? ஆயிரக்கணக்கான சர்வர்கள் வரிசையாக நிற்கும் தரவு மையம்? அவையும் இப்படித் தூங்குகின்றனவா?

சுங்கை சோ, செரண்டா, ரவாங் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இப்போது இரண்டு பக்கமிருந்து வருகிறது. 2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் மின்கட்டணக் கணக்கு மாறியிருக்கிறது. அது உங்கள் வீட்டு பில். இன்னொரு பக்கம், குவாங் தாண்டிப் போனால் வரும் எல்மினா வர்த்தகப் பூங்காவில் தரவு மையமும் கிளவுட் மண்டலமும் அமைக்கப்போவதாக 2024 மே மாதம் கூகுள் அறிவித்தது. முதலீடு 2 பில்லியன் அமெரிக்க டாலர். ரப்பரும் செம்பனையும் நின்ற எல்மினா தோட்டத்து மண்ணில் இனி சர்வர்கள் நிற்கும்.

‘சும்மா இருப்பது’ என்றால் என்ன?

ப்ராசஸருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மின்சாரம் இருக்கும் வரை அது அடுத்த கட்டளை, அடுத்த கட்டளை என்று ஓடிக்கொண்டே இருக்கும். செய்ய வேலை இல்லையென்றால் அந்தக் காலத்து இயங்குதளங்கள் அதை ஒரு வெற்றுச் சுற்றில் ஓடவிட்டன: “வேலை வந்ததா? இல்லை. வேலை வந்ததா? இல்லை.” கேட்பதற்கும் மின்சாரம் செலவாகும்.

இதை நிறுத்த ஒரு கட்டளை உண்டு. ‘ஹால்ட்’, அதாவது ‘நில்’. 1978-இல் வந்த இன்டெல் 8086 சிப்பிலேயே அது இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்தி மின்சாரத்தைக் குறைக்கலாம் என்ற எண்ணம் தனிக் கம்ப்யூட்டர்களுக்கு வர 1990-கள் ஆகிவிட்டன. வின்டோஸ் 95-கூட அந்தக் கட்டளையைக் கொடுக்கவில்லை. சூடு குறைய வேண்டும் என்பவர்கள் அதற்கென்றே தனியாக ஒரு சின்ன மென்பொருளைப் போட்டுக்கொண்டார்கள்.

சுங்கை சோக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. பெரோடுவாவின் தலைமையகமும் தொழிற்சாலையும் அங்கேதானே இருக்கின்றன? 2016-இல் அந்த நிறுவனம் அறிமுகப்படுத்திய பெஸ்ஸா காரின் ‘அட்வான்ஸ்’ ரகத்தில் ‘ஈகோ ஐடல்’ வசதி இருந்தது. சிக்னலில் கார் நின்றால் எஞ்சின் தானாக அணையும், பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் மறுபடி ஓடும். நவீன ப்ராசஸர் செய்வதும் இதே வேலைதான். வித்தியாசம், அது ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான முறை அணைந்து எழும்.

மின்சாரம் எங்கே போகிறது?

சிப்பில் மின்சாரம் இரண்டு வழியில் செலவாகிறது.

ஒன்று, வேலைச் செலவு. கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆற்றல் போகும். இதில் வேகத்தைவிட மின்னழுத்தத்துக்குத்தான் செல்வாக்கு அதிகம். மின்னழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் ஒவ்வொரு திறந்துமூடலுக்கான ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிவிடும். இந்தக் கணக்கை வைத்துக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிப்புகளை எப்படி வடிவமைப்பது என்று 1992-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. அதை எழுதியவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த ஆனந்த சந்திரகாசன். 2025-இல் அவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் புரவோஸ்ட் பொறுப்புக்கு வந்தார்.

இரண்டாவது, கசிவு. குழாயை மூடியபிறகும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடியுமே, அதுபோல. டிரான்சிஸ்டர் சிறிதாகச் சிறிதாக இந்தக் கசிவு பெரிய தலைவலியானது. ‘நில்’ கட்டளை வேலைச் செலவைத்தான் நிறுத்தும். கசிவை நிறுத்த வேண்டுமானால் அந்தப் பகுதிக்கு வரும் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும்.

அதனால் இன்றைய ப்ராசஸர்களில் தூக்கத்துக்குப் பல படிகள் இருக்கின்றன. இவற்றை ‘சி-ஸ்டேட்’ என்பார்கள். சி-0 என்றால் முழித்து வேலை செய்கிறது. சி-1 கண்ணயர்வது மாதிரி: கடிகாரத் துடிப்பு மட்டும் நிற்கும், நொடியின் மில்லியனில் சில பங்கு நேரத்திலேயே எழுந்துவிடலாம். சி-6 ஆழ்ந்த தூக்கம்: கையிலிருக்கும் தரவை வேறிடத்தில் எழுதி வைத்துவிட்டு, அந்தக் கோருக்கு வரும் மின்சாரம் கிட்டத்தட்ட துண்டிக்கப்படும். சேமிப்பு அதிகம், ஆனால் எழுந்து பழைய நிலைக்கு வர நேரமும் ஆற்றலும் கூடுதலாக வேண்டும்.

ஆகவே இயங்குதளம் ஒவ்வொரு முறையும் ஊகிக்க வேண்டியிருக்கிறது: அடுத்த வேலை எப்போது வரும்? ரொம்ப சீக்கிரம் வருமென்றால் ஆழமாகத் தூங்கப்போவது நஷ்டம்.

தூங்கவிடாமல் எழுப்புவது யார்?

“நான்தான் ஒன்னுமே செய்யலையே, அப்புறம் ஏன் ஃபேன் சுத்துது?” என்று நீங்கள் கேட்டிருக்கலாம். நீங்கள் செய்யவில்லை. ஆனால் உள்ளே யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

முன்பெல்லாம் இயங்குதளமே முதல் குற்றவாளி. வேலை இருக்கிறதோ இல்லையோ, நொடிக்கு நூறு முதல் ஆயிரம் முறை அது ப்ராசஸரைத் தட்டி எழுப்பி நேரம் பார்க்கும். 2007-இல் வந்த லினக்ஸ் 2.6.21 பதிப்பு இதை மாற்றத் தொடங்கியது: தேவைப்படும்போது மட்டும் எழுப்பு. அதே ஆண்டு வெளிவந்த ‘பவர்டாப்’ என்ற கருவி, எந்த மென்பொருள் நொடிக்கு எத்தனை முறை ப்ராசஸரை எழுப்புகிறது என்று பட்டியல் போட்டுக் காட்டியது. பட்டியல் வெளியே வந்ததும் பல மென்பொருள்கள் திருத்தப்பட்டன.

இன்று எழுப்புபவர்கள் வேறு: திறந்தே கிடக்கும் முப்பது டேப்கள், கேம் லாஞ்சர்கள், கீபோர்டில் வண்ண விளக்கு ஓட்டும் மென்பொருள், ஓயாமல் ஒத்திசைக்கும் கிளவுட் செயலி. இவற்றில் எதுவும் பெரிய வேலை செய்வதில்லை. ஆனால் ஆழ்ந்து தூங்கப் போன ப்ராசஸரைப் பாதியில் எழுப்பிவிடுகின்றன.

உங்கள் பில்லில் இது எவ்வளவு?

ஒரு கணக்குப் போடலாம். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள ஒரு பிசி எந்த வேலையும் இல்லாமல் 60 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதில் ப்ராசஸருக்குப் போவது ஒரு பங்குதான். மீதி கிராபிக்ஸ் கார்டு, மதர்போர்டு, பவர் சப்ளை என்று பிரியும். நீங்கள் பயன்படுத்தாத 16 மணி நேரமும் அது ஓடினால் ஒரு நாளைக்கு 0.96 யூனிட், மாதம் 28.8 யூனிட்.

மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்குப் புதிய முறையில் எரிசக்திக் கட்டணம் யூனிட்டுக்கு 27.03 சென், கொள்ளளவுக் கட்டணம் 4.55 சென், வலையமைப்புக் கட்டணம் 12.85 சென். கூட்டினால் 44.43 சென். அப்படியென்றால் சும்மா ஓடிய பிசிக்கு மாதம் சுமார் 12 ரிங்கிட் 80 சென். குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்குச் சிக்கனச் சலுகை கழிந்து இது இன்னும் குறையும். அதே பிசியை ‘ஸ்லீப்’ நிலையில் விட்டு 2 வாட் மட்டும் இழுத்தால் 43 சென்தான்.

“பன்னிரண்டு வெள்ளிதானே?” என்று தோன்றலாம். உண்மைதான், ஏர்கோன் முன்னால் இது சின்னது. ஆனால் இந்தக் கட்டண முறையில் எல்லைக்கோடுகள் இருக்கின்றன. மாதம் 600 யூனிட் வரை 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம் கிடையாது. தாண்டினால் உண்டு. பயன்பாடு கூடக்கூட சிக்கனச் சலுகையும் குறைந்துகொண்டே போய், 1,000 யூனிட்டுக்கு மேல் இல்லாமலே போகிறது. 590 யூனிட்டில் நிற்கும் ஒரு வீட்டை அந்த 28.8 யூனிட் 600-க்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும். அப்போது அந்தப் பிசியின் விலை பன்னிரண்டு வெள்ளியோடு நிற்காது.

எனவே, இவற்றைச் செய்து பாருங்கள்:

- 15 நிமிடம் தொடாவிட்டால் ‘ஸ்லீப்’ போகும்படி வையுங்கள். ஸ்கிரீன்சேவர் எதையும் சேமிக்காது.
- ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ முறையில் நிரந்தரமாக விடாமல் ‘பேலன்ஸ்ட்’ முறைக்கு மாற்றுங்கள்.
- ‘பயாஸ்’ அமைப்பில் சி-ஸ்டேட்டை அணைத்தால் கேம் வேகமாக ஓடும் என்று யூடியூபில் சொல்வார்கள். பெரும்பாலான விளையாட்டுகளில் உங்களால் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் சும்மா இருக்கும்போதும் ப்ராசஸர் அரை முழிப்பிலேயே இருக்கும்.
- வேலை எதுவும் இல்லாத நேரத்தில் ‘டாஸ்க் மேனேஜர்’ திறந்து, யார் மேலே நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

தரவு மையம் ஏன் தூங்குவதில்லை?

கைப்பேசி தூங்கக் கற்றுக்கொண்டது, காரணம் பேட்டரி. சர்வருக்கு அந்த நெருக்கடி இல்லை.

2007-இல் கூகுளின் இரண்டு பொறியாளர்கள், லூயிஸ் ஆந்த்ரே பரோசோவும் உர்ஸ் ஹோல்ஸ்லேயும், தங்கள் நிறுவனத்தின் 5,000-க்கும் மேற்பட்ட சர்வர்களைப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சர்வர்கள் பெரும்பாலான நேரம் தங்கள் திறனில் 10 முதல் 50 விழுக்காடு வரைதான் வேலை செய்தன. முழுக்கச் சும்மாவும் இல்லை, முழு மூச்சிலும் இல்லை. ஆனால் அன்றைய சிக்கனமான சர்வர்கூட, வேலையே இல்லாதபோது முழு மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியை இழுத்தது. வேலைக்கு ஏற்ற அளவு மின்சாரம் மட்டும் இழுக்கும் கம்ப்யூட்டர் வேண்டும் என்பதே அவர்கள் வாதம். அதற்குப் பிறகு சர்வர்கள் நிறைய முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் செலவு பூஜ்ஜியத்துக்கு வரவில்லை. உங்கள் தேடலுக்கு அரை நொடிக்குள் பதில் வர வேண்டுமென்றால், அங்கே யாரோ அரைத் தூக்கத்தில் காத்திருக்கத்தான் வேண்டும்.

தீர்வுகள் எப்போதும் புதுச் சிப்பிலிருந்து வருவதில்லை. 2025 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 6.13-இல் சேர்ந்த ஒரு சிறு மாற்றம் இதற்கு உதாரணம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டின் கார்ஸ்டனும் ஜோ டமாட்டோவும் எழுதியது, சுமார் 30 வரி நிரல். கூட்டம் இருக்கும்போது கடைக்காரர் வாசலிலேயே நின்று கவனிப்பார். கூட்டம் குறைந்தால் உள்ளே போய் மணிச் சத்தத்துக்குக் காத்திருப்பார். சர்வரும் இணையத் தரவைப் பெறும்போது இப்படி இரண்டு முறைகளுக்கு இடையே தானாக மாறிக்கொள்ள அந்த நிரல் வழி செய்கிறது. சில வகை சர்வர் வேலைகளில் 30 விழுக்காடு வரை ஆற்றல் மிச்சமாகலாம் என்கிறார்கள்.

நமக்கு இதில் என்ன?

தீபகற்ப மலேசியாவின் உச்ச மின்தேவை 2024-இல் 20,000 மெகாவாட் அளவை எட்டியது. தரவு மையங்கள் தெனாகா நேஷனலோடு செய்துகொண்ட விநியோக ஒப்பந்தங்களின் மொத்த உச்சத் தேவை 2025-இல் 5,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அவை இப்போது இழுப்பது அதில் ஒரு சிறு பகுதிதான். ஆனால் மின்நிலையங்களும் கம்பிகளும் ஒப்பந்தத்தை நம்பித்தான் திட்டமிடப்படுகின்றன. தீபகற்பத்தில் மின்சாரம் இன்னும் பெரும்பாலும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் பிறக்கிறது.

தரவு மையங்கள் தங்கள் சிக்கனத்தைக் காட்டப் பெரும்பாலும் பி.யு.இ. என்ற எண்ணைச் சொல்லும். மையம் முழுவதும் இழுக்கும் மின்சாரத்தை, சர்வர் போன்ற கணினிச் சாதனங்கள் மட்டும் இழுக்கும் மின்சாரத்தால் வகுத்தால் வருவது அது. ஒன்றுக்கு அருகில் இருந்தால் நல்லது. குளிரூட்டலில் வீணாவதை இது காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒரு சர்வர் வேலை எதுவும் செய்யாமல் இழுக்கும் மின்சாரமும் இந்தக் கணக்கில் ‘சர்வருக்குப் போன மின்சாரம்’ என்றே பதிவாகும். அதாவது, பாதி சர்வர்கள் சும்மா நிற்கும் மையத்துக்கும் அழகான பி.யு.இ. எண் கிடைக்கலாம்.

2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் ஆண்டுக்கு 21,600 கிகாஜூல், அதாவது 6 மில்லியன் யூனிட் அல்லது அதற்குமேல் பயன்படுத்துவோரை எரிசக்தி மேலாளரை நியமிக்கவும் தணிக்கை செய்யவும் சொல்கிறது. பெரிய தரவு மையம் எதுவும் இந்த எல்லையை எளிதில் தாண்டும்.

உங்கள் ஊர்ப்பக்கம் ஒரு தரவு மையம் வருகிறது என்றால், பி.யு.இ. எவ்வளவு என்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: விடியற்காலை மூன்று மணிக்கு, வேலை மிகக் குறைவாக இருக்கும்போது, உங்கள் சர்வர்கள் எத்தனை மெகாவாட் இழுக்கின்றன? அந்த எண்ணை வெளியிடத் தயாராக இருக்கும் நிறுவனத்தோடுதான் மீதிப் பேச்சைத் தொடங்க முடியும்.