தடுப்புப் பலகையில் பெயர் இருக்கிறது, கணக்கு எங்கே?

நகைக்கடையோ துணிக்கடையோ பெயர் எழுதாத போலீஸ் தடுப்பை நம் சாலைகளில் பார்ப்பது அரிது. கொடுத்தவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. வாங்கியதற்கான கணக்குதான் கண்ணில் படுவதில்லை. சென்னையில் ‘மூன்றாவது கண்’ என்று தெருத்தெருவாகக் கேமரா பொருத்தியபோதும் குடியிருப்போர் சங்கங்களும் வணிகர்களும் பணம் போட்டார்கள். நல்ல காரியம்தான்; திருடர்கள் பிடிபட்டார்கள். ஆனால் எந்தக் காவல் நிலையத்துக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள், கேமரா பழுதானால் செலவு யாருடையது என்பதையெல்லாம் நிலையத்தின் வாசலில் படித்துத் தெரிந்துகொள்ள முடிகிறதா? நாளைக்கு அந்த நன்கொடையாளர் மீதே ஒருவர் புகார் கொடுக்க வந்தால், இந்த விவரம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அரசுப் பணத்துக்குக் கணக்கு இல்லாமல் இல்லை. ஆண்டுதோறும் காவல்துறை மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கிறார்கள். அது மாநிலம் முழுமைக்குமான கணக்கு. உங்கள் ஊர் நிலையத்து ஜீப்புக்கு மாதம் எவ்வளவு டீசல் என்பதை அதில் தேடக் கூடாது. நிலையத்தின் கணக்கை இப்படி மூடி வைப்பது காவலர்களுக்கும் நல்லதல்ல. புகார் கொடுக்க வந்தவரிடமே ஒரு கட்டு தாள் வாங்கிவரச் சொல்வதை நாம் ஏசுகிறோம். அந்த நிலையத்துக்குத் தாள் வாங்க எவ்வளவு வந்தது என்று கேட்பதில்லை.

கேமரா இருக்கிறது என்பதோடு விஷயம் முடிவதுமில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்ட தந்தையும் மகனும் இறந்த பிறகு அங்கே விசாரித்த நீதித்துறை நடுவர், கேமரா பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். வன்தட்டில் இடமில்லாமல் அல்ல; இடம் தாராளமாகவே இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

அடுத்து, காவல்துறையின் அத்துமீறலுக்கு அரசு தரும் இழப்பீட்டுக்கு வருவோம். காவலில் ஒருவர் இறந்தால் அரசே ஈடு கொடுக்க வேண்டும் என்பதை 1993இல் நீலாபதி பெஹரா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மாநில மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் சொல்லிவிட்டது. ‘முதலில் அரசு கொடுக்கட்டும், பிறகு தவறு செய்தவரின் சம்பளத்தில் பிடிக்கட்டும்’ என்று ஆணையம் பல முறை சொல்லியிருக்கிறது. முதல் பாதி செய்தியாகிறது. இரண்டாம் பாதி நடந்ததா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிடிக்காமல் விட்ட ஒவ்வொரு ரூபாயும், அடிபட்டவரின் குடும்பமும் சேர்ந்து கட்டிய வரிப்பணம். ஆண்டுக்கு எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு பிடித்தோம் என்று மாவட்டவாரியாக ஒரு பட்டியலை உள்துறை வெளியிட்டால் போதும்.

இந்தக் கணக்குகளைக் கேட்டால் பாதுகாப்பு ரகசியம் என்பார்கள். ஆயுதக் கிடங்கின் சாவியையோ உளவு சொல்பவரின் பெயரையோ யாரும் கேட்கவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு வரவுசெலவு விவரங்களை யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. உளவுப் பிரிவுகளுக்கு விலக்கு தரும் 24ஆம் பிரிவுகூட ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகளுக்குத் திரை போடுவதில்லை. ரேஷன் கடை வாசலில் அரிசி இருப்பை எழுதி வைக்க முடிகிற அரசுக்கு, காவல் நிலைய வாசலில் ஒதுக்கீட்டையும் நன்கொடையையும் எழுதுவது பெரிய வேலையா?

அரசை மட்டும் சொல்லிப் பயனில்லை. தடுப்பு வாங்கிக் கொடுக்கும் வணிகர் சங்கம் ரசீது கேட்கட்டும். மானியக் கோரிக்கை விவாதத்தில் சட்டமன்ற உறுப்பினர் தன் தொகுதி நிலையங்களின் கணக்கைக் கேட்கட்டும். நாம் செய்ய வேண்டியது அதைவிட எளிது: 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உங்கள் ஊர் நிலையத்தின் நன்கொடை, கேமரா, இழப்பீடு பற்றித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.