ஆகஸ்ட் என்றால் மாதம் மட்டுமா?

வேலையில் சேர்ந்த புதிது. பெரம்பலூர் பக்கம் ஓர் அரசு அலுவலகம். ஜனவரி மாதம் ஒரு விழாவுக்கு மேலதிகாரியை அழைக்கும் ஆங்கிலக் கடிதத்தை டைப் அடிக்கத் தந்தார் தலைமை எழுத்தர். அதில் 'யுவர் ஆகஸ்ட் பிரசன்ஸ்' என்றிருந்தது. நானோ காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன், ஆங்கிலம் அரைகுறை. பிழை என்று நினைத்து, ஆகஸ்டை ஜனவரி ஆக்கிவிட்டேன்!

தலைமை எழுத்தர் சிரித்துவிட்டார். "தம்பி, அது மாசம் இல்லே, மரியாதை!"

எழுத்து ஒன்றுதான். மாதத்தைச் சொல்லும்போது முதல் அசையில் அழுத்தம். மாட்சிமையைச் சொல்லும்போது இரண்டாம் அசையில். இரண்டுக்கும் மூலம் ஒரே லத்தீன் சொல்தான். கி.மு. 27இல் ரோமானிய செனட் ஆக்டேவியனுக்கு 'அகஸ்டஸ்' என்று பட்டம் கொடுத்தது. பிறகு கி.மு. 8இல் ஒரு மாதத்துக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள்.

பிரெஞ்சில் இன்னொரு வேடிக்கை உண்டு. 'ஒகுய்ஸ்த்' என்றால் மாட்சிமை பொருந்திய என்று பொருள். சர்க்கஸில் சிவப்பு மூக்கோடு தடுக்கி விழும் கோமாளிக்கும் அதே பெயர்தான்!

இந்தக் கோமாளிதான் இப்போது அடிக்கடி என் நினைவுக்கு வருகிறான். காதுகுத்துக்கு வருகிறவரும் 'மாட்சிமை பொருந்திய', ஃபிளெக்ஸ் போர்டில் சிரிக்கிறவரும் 'கம்பீரத்தின் சிகரம்'. எல்லோருக்கும் வாரிக் கொடுத்தால் அந்தச் சொல்லுக்கு என்ன மிஞ்சும்? முப்பது வருஷம் இப்படிப்பட்ட வரிகளை டைப் அடித்தவன் என்பதால், பழியில் எனக்கும் பங்குண்டு.

உண்மையான கம்பீரம் பார்க்க வேண்டுமா? நம் அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் போய் வாருங்கள். ராஜேந்திர சோழன் கட்டிய விமானம் தஞ்சை விமானத்தைவிட உயரம் குறைவு. 1836இல் கீழணை கட்டுவதற்காக மதிற்சுவர்க் கல்லையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஆனாலும் அதன் மாட்சிமை இம்மியும் குறையவில்லை.

வடக்கு வாசல் அருகே ஒரு சிற்பம் இருக்கிறது. காலடியில் அமர்ந்த சண்டேசர் தலையில், சிவபெருமானே தம் கையால் பூமாலை சுற்றுகிறார். பெரியவர் குனிந்து சிறியவருக்கு மரியாதை செய்கிறார். மாலை வாங்குவதில் அல்ல, சூட்டுவதில்தான் மாட்சிமை என்று கல்லில் எழுதி வைத்தது போல இருக்கும்.

அடுத்த முறை அழைப்பிதழ் அச்சடிக்கும்போது, அந்தச் சொல்லைப் போடுமுன் அந்தச் சிற்பத்தை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். பொருந்தாவிட்டால் 'அவசியம் வாருங்கள்' என்று எழுதினால் போதும். வருகிறவர் மனம் குளிர்ந்தே வருவார்.