எலியின் பூகோளம்

1905-இல் இரங்கூனில் பிளேக் பரவியதற்குத் தமிழ், தெலுங்குக் கூலிகளின் அசுத்த வாழ்க்கையே காரணமென்றும், ஆகவே அபாயத்தின் எல்லையை அவர்கள் குடியிருந்த வீதிகளைச் சுற்றியே வரைய வேண்டுமென்றும் நண்பர் வாதிக்கிறார். எலியின் தெள்ளுப்பூச்சியே இந்நோயைக் கடத்துகிறதென்று சைமண்ட் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1898-இல் கராச்சியில் பரிசோதித்துக் காட்டிய பின்னும், பழியை ஓர் இனத்தார்மீது சுமத்துவது சாஸ்திரமன்று, துவேஷம். எலி நாடுவது தானியத்தை. உலகுக்கே அரிசி அனுப்பிய அத்துறைமுகத்தின் கிடங்குகளையும் பசுண்டாங் ஓடைக்கரை ஆலைகளையும் விட்டுவிட்டு, அங்கே மூட்டை சுமந்தவனின் பாயை மட்டும் உதறிப் பார்ப்பானேன்? நெருக்கம் நோயைப் பெருக்கும், மறுக்கவில்லை. அந்த நெருக்கமான அறைகளுக்கு வாடகை வாங்கியவர்கள் யாரென்றும் நண்பர் சற்றே விசாரித்திருக்கலாம்.

இன்றைக்கும், சூலே பகோடாவும் நகர மண்டபமும் பழைய உயர்நீதிமன்றமும் கம்பீரமாக நிற்கும் இரங்கூனின் கியாக்டடாப் பகுதியிலேயே, கட்டடங்களின் பின்புறச் சந்துகளில், மாடிகளிலிருந்து எறிந்த குப்பையில் எலிகள் கொழுக்கின்றன. மழைக்காலத்தில் அவற்றின் மூத்திரம் கலந்து தேங்கும் நீரே எலிக்காய்ச்சலுக்கு வழி. அச்சந்துகளைப் பெருக்க வருபவனை அபாயத்தின் காரணமென்று எழுதுவது அநியாயம். அதற்கு முதலில் இரையாகிறவனே அவன்தான்.

நண்பர் தம் அபாய வரைபடத்தை எலிவளையிலிருந்து தொடங்கி வரையட்டும்.