காலி டானிக் பாட்டிலும் பத்து ரூபாயும்

காலி மருந்து பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் ஆயிரம் உபயோகம் இருக்கிறது என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெயிண்ட் அடித்து மணி ஒட்டினால் பூ ஜாடியாம். மூடியில் ஓட்டை போட்டால் செடிக்குத் தண்ணீர் விடலாமாம். பட்டன் போட்டு வைக்கலாமாம் (இருமல் மருந்து பாட்டிலின் கழுத்து வழியாகப் பட்டனைப் போட்டுவிடலாம், திரும்ப எடுப்பது எப்படி என்று குறிப்பு எழுதுகிறவர்கள் சொல்வதே இல்லை!).

பூ ஜாடி செய்கிறவர்கள் செய்துவிட்டுப் போகட்டும், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நிஜத்தில் நம் வீடுகளில் இந்த பாட்டில் எதற்குப் போகிறது? பினாயில், பாத்ரூம் ஆசிட், தின்னர், மண்ணெண்ணெய், ரோஜாச் செடிக்கு அடிக்கிற பூச்சி மருந்து. பெரிய கேனில் வாங்கியதைக் கைக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று கொஞ்சம் இதில் ஊற்றி ஜன்னல் ஓரம் வைப்பார்கள். பழைய லேபிளைக்கூடக் கிழிப்பதில்லை.

இரண்டு வயதுக் குழந்தையின் இடத்தில் இருந்து பாருங்கள். அந்தப் பழுப்பு பாட்டில் என்றால் என்ன என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தது யார்? நாம்தான். காய்ச்சல் வரும்போதெல்லாம் மடியில் போட்டு, "இனிப்பா இருக்கும்டா கண்ணா, ஆ காட்டு" என்று பழக்கியிருக்கிறோம். பிறகு அதே பாட்டிலில் மண்ணெண்ணெயை ஊற்றி வைக்கிறோம். மண்ணெண்ணெய் வயிற்றை விட நுரையீரலுக்குத்தான் பெரிய எமன். விழுங்கும்போதோ வாந்தி வரும்போதோ கொஞ்சம் மூச்சுக்குழாயில் இறங்கினாலே போதும், நுரையீரல் வெந்துவிடும். பதறிப்போய் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறோமே, அதுதான் இன்னும் ஆபத்து என்கிறார்கள் டாக்டர்கள்.

இந்தக் குறிப்புகளில் பாதி எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அமெரிக்காவில் டாக்டர் சீட்டுக்கு மாத்திரையை எண்ணி, அகல வாய் கொண்ட ஆரஞ்சு நிற டப்பாவில் போட்டுக் கொடுப்பார்கள். அதில் பட்டன் போடலாம், நியாயம். 1970-லேயே சட்டம் போட்டு, குழந்தைகள் எளிதில் திறக்க முடியாதபடி அழுத்தித் திருகுகிற மூடி வைத்தார்கள். நமக்குக் கிடைப்பது ஸ்டிரிப் மாத்திரையும் திரவ மருந்து பாட்டிலும். முதல் தடவை திருகும்போது அலுமினிய மூடியின் வளையம் உடையும். அதோடு காவல் முடிந்தது. அதற்கப்புறம் யார் திருகினாலும் திறக்கும்.

"எங்க பாட்டி காலத்துல எதையும் வீணாக்க மாட்டாங்க" என்று அடுத்த வாதம் வரும். சரிதான். ஆனால் பாட்டி என்ன செய்தார்? கழுவிய பாட்டிலை எடுத்துக்கொண்டு தர்மாஸ்பத்திரிக்குப் போனார். கம்பவுண்டர் அதில் மிக்சர் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிய ஓரம் வெட்டிய காகிதப் பட்டையைப் பக்கவாட்டில் ஒட்டிக் கொடுத்தார். மருந்து பாட்டிலில் மறுபடியும் மருந்துதான் வந்தது, ஆசிட் இல்லை.

நான் படிப்பது பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். காஸ்ட் ஷீட்டில் பேக்கிங் மெட்டீரியல் என்று ஒரு வரி உண்டு. பாட்டில், மூடி, லேபிள் எல்லாம் அதில் அடக்கம், அதை எம்.ஆர்.பி. மூலம் நம்மிடம் வசூலித்தாகிவிட்டது. மருந்து தீர்ந்த பிறகு அந்த பாட்டிலுக்கு ஆகும் செலவு எந்த வரியிலும் இல்லை. அந்த வரியைத்தான் நம் வீட்டுப் பரணில் எழுதுகிறார்கள். "புது உபயோகம் கண்டுபிடி" என்பது, கம்பெனியின் குடோன் வாடகையை நீ கட்டு என்பதற்கான நாகரிகமான பெயர்.

வழி இல்லாமலா? காட்டில் வீசப்பட்ட பாட்டில் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கிறது என்று விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டில் வந்தால் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. குடிமகன் கொண்டு வந்து கொடுக்கிறார் சார்! குழந்தைக்கு மருந்து வாங்கும் அம்மா கொடுக்க மாட்டாரா? பிளாஸ்டிக் பாட்டில் என்றால் இன்னும் எளிது. 2022-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளே பிளாஸ்டிக் பேக்கிங்கின் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில்தான் வைக்கின்றன. டெபாசிட் முறைக்கும் அதில் இடம் உண்டு.

திரும்ப வந்த பாட்டிலில் மருந்து நிரப்பச் சொல்லவில்லை. போலி மருந்துக்காரர்களுக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. வாங்கிய இடத்திலேயே லேபிளைக் கிழித்து, பாட்டிலை நொறுக்கி, உருக்க அனுப்பட்டும்.

மெடிக்கல் ஷாப்காரர் "இதெல்லாம் வைக்க எங்கே தம்பி இடம்?" என்பார். காலாவதியான மருந்தை எங்கே வைக்கிறார்? ஓர் அட்டைப்பெட்டியில் சேர்த்து வைத்து டிஸ்ட்ரிபியூட்டரிடம் கொடுக்கிறார். அது கம்பெனிக்குப் போகிறது, அவருக்கு கிரெடிட் நோட் வருகிறது. விற்காத சரக்கு திரும்பிப் போக வண்டி இருக்கிறது, கணக்கு இருக்கிறது, ஆள் இருக்கிறது. அதே வண்டியில் இன்னோர் அட்டைப்பெட்டியை ஏற்றச் சொல்லித்தான் கேட்கிறேன்.