ஊரறியச் சொல்லுதல்

ஆங்கில பாஷையில் ‘ப்ராமல்கேட்’ என்றொரு வினைச்சொல் உண்டு. லத்தீனிலிருந்து வந்த சொல். பொதுஜனங்கள் அறியுமாறு பிரசித்தம் செய்தல் என்பது அதன் பொருள். வீட்டில் நடக்கவிருக்கும் கல்யாணத்தை உற்றாருக்குத் தெரிவிப்பதற்கு இச்சொல்லை ஆளுதல் பொருந்தாது. அதற்கு ‘அனௌன்ஸ்’ போதும். நெருக்கடி நிலை போன்றவற்றைக் கம்பீரமாகச் சாற்றுவதற்கு ‘ப்ரொக்ளெய்ம்’ உரியது. சட்டத்தையும் உத்தரவையும் உலகறிய வெளியிட்டு அமலுக்குக் கொணர்வதற்கே ‘ப்ராமல்கேட்’ பெரும்பாலும் வழங்குகிறது. ஒரு கொள்கையைப் பலருமறியப் பரப்புவதற்கும் அதனை ஆளுவதுண்டு.

நமது அரசியல் சட்டத்தின் 123-வது ஷரத்தில் இச்சொல்லைக் காணலாம். பார்லிமெண்டின் இரு சபைகளும் கூடியிருக்கும் சமயம் நீங்கலாக, அவசரச் சட்டங்களை ‘ப்ராமல்கேட்’ செய்ய ராஷ்டிரபதிக்கு அது அதிகாரம் அளிக்கிறது. தமிழ்ப் பத்திரிகைகள் இதனை ‘அவசரச் சட்டம் பிறப்பித்தார்’ என்று எழுதுகின்றன. வழக்கத்தில் ஊன்றிவிட்ட பிரயோகம்தான். ஆயினும் மூலச் சொல்லின் உயிர்நிலை அதில் விடுபட்டுப் போகிறதென்பது நமது அபிப்பிராயம். பிறப்பது மூடிய அறைக்குள்ளும் நிகழலாம். பிரசித்தமாவதற்கோ கேட்கும் ஜனங்கள் வேண்டும்.

இது வெறும் அகராதிச் சண்டையன்று. 1919-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி காலையில், அமிருதசரஸ் நகரில் ஜெனரல் டயர் பட்டாளத்துடன் சென்று, கூட்டம் கூடலாகாதென்ற உத்தரவைத் தமுக்கடித்துப் படிக்கச் செய்தார். பத்தொன்பது இடங்களில் அது படிக்கப்பட்டது. நகரத்தின் பல பாகங்களில் படிக்கப்படவேயில்லை என்பதை, சர்க்காரே நியமித்த ஹண்டர் கமிட்டி 1920-இல் வெளியான தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. வைசாகித் திருநாளுக்காக வெளியூர்களிலிருந்து வந்திருந்தோர் அநேகர். அன்று மாலை ஜாலியன்வாலாபாகில் கூடியிருந்தவர்கள்மீது, கலைந்து போகுமாறு எச்சரிக்கை ஒன்றும் செய்யாமலே 1,650 குண்டுகள் சுடப்பட்டன. மாண்டவர்கள் 379 பேர் என்பது சர்க்கார் கணக்கு. ஆயிரம் பேர் வரையில் என்பது காங்கிரஸ் விசாரணையின் முடிவு. உத்தரவை எல்லோரும் நன்கறிந்திருந்தாலும் அந்தக் கொலைக்கு நியாயம் பிறந்திராது. ஆனால் காதில் விழாத உத்தரவை மீறினார்களென்று மனிதரைத் தண்டித்தது அக்கொடுமையின் ஒரு பகுதி என்பதை மறப்பதற்கில்லை.

சுதந்திர இந்தியாவின் நியாயஸ்தலம் இவ்விஷயத்தில் தெளிவாகப் பேசியிருக்கிறது. ஜயப்பூர் சமஸ்தானத்தில் மகாராஜா மைனராயிருந்த காலத்தில், மந்திரி சபை 1923-ஆம் வருஷம் டிசம்பரில் அபின் சட்டமொன்றைத் தீர்மானமாக நிறைவேற்றிற்று. அதைக் கெஜட்டில் வெளியிடவில்லை. வேறு விதமாகவும் ஜனங்களுக்குத் தெரிவிக்கவில்லை. அச்சட்டத்தின்படி, 1948-இல் நடந்ததாகக் கூறப்பட்ட குற்றத்துக்காக ஒருவருக்கு ஐம்பது ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 1951-இல் ஜஸ்டிஸ் விவியன் போஸ் தீர்ப்பெழுதினார். மந்திரிகள் அறைக்குள் அமர்ந்து தீர்மானம் செய்தமாத்திரத்தில் அது சட்டமாகிவிடாது. ஜனங்கள் அறியத்தக்க முறையில் வெளியிடப்படாத சட்டத்தால் எவரையும் தண்டிப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்பது அதன் சாரம். அபராதம் ரத்தாயிற்று.

சட்டம் தெரியாதென்று சொல்லித் தப்பமுடியாதென்பது கோர்ட்டுகளில் அன்றாடம் கேட்கும் வாக்கு. அவ்வாக்கைச் சொல்லும் உரிமை, சட்டத்தை ஊரறியச் சொன்ன சர்க்காருக்கே உண்டு. ‘ப்ராமல்கேட்’ என்னும் ஒரே சொல்லில் அதிகாரமும் கடமையும் சேர்ந்திருக்கின்றன.

நமது பாஷைக்கு இக்கருத்து புதிதன்று. ‘அறைதல்’ என்றால் அடித்தலென்றும் பொருள், சொல்லுதலென்றும் பொருள். மணிமேகலையின் முதற் காதைக்கு ‘விழாவறை காதை’ என்று பெயர். இந்திர விழாவை முரசறைந்து நகரத்தாருக்கு அறிவித்ததைக் கூறுவது அது. அரசன் ஆணையும் முரசொலியோடுதான் குடிகளிடம் வந்தது. ஆகவே, ‘பிறப்பித்தார்’ என்று எழுதும் நண்பர்கள் ‘பிரசித்தம் செய்தார்’ என்றோ, ‘அறிவித்து அமலாக்கினார்’ என்றோ எழுதிப் பார்க்கலாம். அறிவித்தது யாருக்கு, எந்தப் பாஷையில், எவ்விடத்தில் என்ற கேள்விகள் அப்பொழுது தாமே எழும். குடிகள் கேட்கவேண்டிய கேள்விகள் அவை.